கடலுக்கும் நம்ம தையல் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்?

(கொடும்பாளூரில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக இங்கே தருகிறோம். அடுத்த குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டவும்.)



போன மாதம் நாம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்த ஒரு விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறோம். தையல் பயிற்சி முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெளிநாட்டுப் பெண்கள் கடலில் குளிக்கும்போது போடுகிற நீச்சல் உடுப்பு. பழைய மீன் வலையில் இருந்து செய்தது, இதை வாங்கினால் கடலைக் காப்பாற்றலாம் என்று அதில் போட்டிருந்தது. விலை நம்ம பணத்துக்குப் பல ஆயிரம் ரூபாய்.

ஒரு பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இத்தனூண்டு துணிக்கு இம்புட்டுக் காசா? நாங்கல்லாம் பாவாடையை நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டிக்கிட்டுக் கிணத்துல குதிச்சோம். ஏறி வந்து அதையே புழிஞ்சு காயப் போட்டோம். எங்களுக்கு எவனும் காசு குடுக்கலையே" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் பக்கத்தில் இருந்த ஒரு அக்கா சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும். மீன் வலையில எப்படிம்மா துணி செய்வாங்க? கடலுக்கு என்ன ஆச்சு, அதைக் காப்பாத்துறதுக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. படித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். அந்தப் பதிலுக்குள்ளேயே நம்ம தையல் பிரிவு இன்றைக்கு எடுக்க வேண்டிய ஒரு தீர்மானமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வலை எப்படித் துணியாகிறது?

அந்தக் காலத்தில் வலையை நூலில்தான் பின்னினார்கள். இப்போது பெரும்பாலும் நைலான். நம்ம அம்மாமார் கட்டிய நைலக்ஸ் சேலை ஞாபகம் இருக்கிறதா? அதுவும் நைலான்தான். நீச்சல் உடுப்பும் நைலான்தான், இழுபட்டுச் சுருங்குவதற்காக ரப்பர் மாதிரி ஒரு இழையும் சேர்ப்பார்கள். நைலான் என்றால் பிளாஸ்டிக். மண்ணெண்ணெய் எந்தப் பெட்ரோலியத்தில் இருந்து வருகிறதோ அதே பெட்ரோலியத்தில் இருந்து வருவது.

இத்தாலி நாட்டு நிறுவனம் ஒன்று, அக்வாஃபில் என்று பெயர், பழைய வலைகளையும் கழிவுக் கம்பளங்களையும் சேகரித்து, கழுவி, ரசாயன முறையில் மூலப்பொருளாகப் பிரித்து, மறுபடி நூலாக இழுக்கிறது. 2011-ல் இருந்து எக்கோனில் என்ற பெயரில் அந்த நூலை விற்கிறார்கள். உலகத்தில் பல நீச்சல் உடுப்புக் கம்பெனிகள் அந்த நூலை வாங்குகின்றன. தங்கச்சி காட்டிய படத்துக்குப் பின்னால் இருக்கும் விஷயம் இதுதான்.

வெளிநாட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்ம பக்கத்துக் கரூரில் காலி தண்ணீர் பாட்டிலை நொறுக்கி, உருக்கி, நூலாக்கித் துணி செய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் பாராளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல நிற மேல்சட்டைத் துணி கரூர் நிறுவனம் ஒன்று பாட்டிலில் இருந்து செய்ததுதான்.

கடல் நமக்குத் தூரமா?

"நம்ம ஊர் மேட்டுப் பூமி, வானம் பார்த்த பூமி. கடலுக்கும் நமக்கும் என்ன?" என்று கேட்கலாம். நம்ம புதுக்கோட்டை கடற்கரை மாவட்டம் என்பதையே நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் நம்ம மாவட்டம்தான். சந்தையில் வாங்குகிற மீனும் கருவாடும் அங்கே இருந்தும் வருகிறது. தெற்கு வெள்ளாறு நம்ம மாவட்டத்தைக் கடந்து போய் பாக் விரிகுடாவில்தான் விழுகிறது.

இன்னொன்றும் சொல்லுகிறோம். ஆயிரம் வருஷத்துக்கு மேலான நம்ம மூவர் கோவிலைத் தினமும் தாண்டிப் போகிறோம். மூன்று கோவில்களில் இரண்டுதான் மிச்சம் நிற்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் கட்டியது. அந்தக் காலத்தில் மணிக்கிராமம் என்ற வணிகர் சங்கத்துக்குக் கொடும்பாளூர் பெயர் பெற்ற ஊர். அந்த மணிக்கிராமத்தின் பெயர் கடல் தாண்டி, தாய்லாந்து நாட்டில் தக்குவாபா என்ற இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டிலும் இருக்கிறது. அவர்களுக்குக் கடல் தூரமாகத் தெரியவில்லை.

அந்தக் கடலில் இப்போது என்ன நடக்கிறது? கிழிந்த வலையும் அறுந்த வலையும் கடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நைலான் மக்காது. ஆள் இல்லாமலே அந்த வலை மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆமை மாட்டும், நண்டு மாட்டும். இதைப் பேய் வலை என்கிறார்கள்.

பாக் விரிகுடாவில் கடல்பசு என்று ஒரு பிராணி உண்டு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். கடலுக்கு அடியில் வளர்கிற புல்லை மேய்கிற பிராணி. குட்டிக்குப் பால் கொடுக்கும். நம்மை மாதிரி மூச்சு விட வேண்டும், அதற்காகச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வரும். வலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துப் போகும். எண்ணிக்கை ரொம்பக் குறைந்துபோனதால் 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதலாவது. விரலிமலை மயிலைப் பெருமையாகச் சொல்கிறோம் அல்லவா? ஆவுளியாவும் நம்ம மாவட்டத்துப் பிராணிதான்.

துவைக்கும்போது போவது என்ன?

வலையை எடுத்துத் துணியாக்கினால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அதோடு கதை முடியவில்லை. பாலியஸ்டர், நைலான் துணியைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைத் தூசு உதிர்கிறது. அது சாக்கடை, ஓடை, ஆறு வழியாகக் கடலுக்குப் போகிறது. தூளாகவே கடலுக்குப் போய்ச் சேருகிற பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணியைத் துவைப்பதால் வருவது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-ல் கணக்குச் சொன்னது. வலையில் செய்த நீச்சல் உடுப்பிலும் இந்தத் தூசு உதிரும். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

நாம் நீச்சல் உடுப்பு போடுவதில்லை. ஆனால் நம்ம வீட்டுக் கொடியைப் பாருங்கள். நைட்டி, சிந்தெடிக் சேலை, பிள்ளைகளின் லெக்கின்ஸ், விளையாட்டு டிரஸ். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் இழைதான். அதை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லவில்லை. விலை குறைவு, சீக்கிரம் காய்கிறது, இஸ்திரி வேண்டாம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது பெரிய உதவி. வாங்கியதை நாள்பட உடுத்துவோம். புதுத் துணியில் முதல் சில துவைப்பில்தான் தூசு அதிகம். மலிவாக இருக்கிறதே என்று மாதம் ஒன்று வாங்கி, நாலு துவைப்பில் சாயம் போய், குப்பையில் போடுவதுதான் பெரிய கெடுதல்.

நம்ம வீட்டில் ஒரு நூல் சேலை எத்தனை பிறவி எடுத்தது என்று யோசித்துப் பாருங்க. கட்டிப் பழசானால் வீட்டுச் சேலை. கிழிந்தால் பிள்ளைக்குத் தூளி. அப்புறம் தலையணை உறை. அப்புறம் அடுப்படிக் கரித்துணி. கடைசியில் விளக்குத் திரி. சிந்தெடிக் சேலையில் சட்டியை இறக்கினால் கையோடு ஒட்டிக்கொள்ளும். திரி போட்டால் உருகி ஒழுகும். எது பிளாஸ்டிக் என்று நம்ம அடுப்படிக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது.

சாயத் தண்ணீரும் நம்ம குடமும்

துணிக்குச் சாயம் ஏற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது? திருப்பூரில் நொய்யல் ஆற்றில் போனது. ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. கொஞ்ச வருஷத்திலேயே அதில் சாயக் கழிவு நின்றது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது, வயல் கெட்டது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது, சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவு போட்டது. சரியாக நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிறது. நம்ம மாவட்டத்தில் பல ஊருக்குக் காவிரி கூட்டுக் குடிநீர்தான் வருகிறது. எங்கேயோ யாரோ போடுகிற பனியனுக்கு ஏற்றின சாயம் வருகிற வழியில்தான் நம்ம குடமும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் கடைசியில் கடலுக்கும் போகிறது.

பட்டறையை மூடியபோது கம்பெனிகளில் வேலை இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஆற்றைக் காப்பாற்றியபோது அந்தக் குடும்பங்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. முதலிலேயே முதலாளிகள் சுத்திகரிப்புக்குச் செலவு செய்திருந்தால் ஆறும் கெட்டிருக்காது, வேலையும் போயிருக்காது. தப்பு நடக்கும்போதே நிறுத்த வேண்டும், வளரவிட்டால் கடைசியில் கூலிக்காரர் தலையில்தான் விடியும்.

நாங்கள் செய்த தப்பு

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறோம். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

நம்ம தையல் பிரிவுக்கு ஒரு கடையில் இருந்து 4,000 பை தைக்கும் ஆர்டர் வந்தது. பேசி முடித்து வாங்கி வந்தது களப்பணியாளர்களாகிய நாங்கள்தான். துணி அவர்களே தருவார்கள், பைக்குத் தையல் கூலி 3 ரூபாய். வண்ண வண்ணமாக ரோல் வந்து இறங்கியது. தொட்டுப் பார்த்தால் துணி மாதிரிதான் இருந்தது. "பிளாஸ்டிக் பைக்கு மாற்று" என்று நாங்களே பெருமையாகச் சொன்னோம். 12 பேர் உட்கார்ந்து 1,500 பை தைத்துவிட்டீர்கள்.

அப்புறம் ஒரு அக்கா, மடிப்பு சரியாக இல்லையே என்று ஒரு பையை இஸ்திரி போட்டார். பை அப்படியே பெட்டியோடு ஒட்டிக்கொண்டு உருகியது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அந்த அக்கா இஸ்திரிப் பெட்டி போச்சே என்று அழுதார். நாங்கள் ரோலைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான்-ஓவன் என்று சொல்கிற சரக்கு. நெய்த துணி இல்லை, ஊடும் பாவும் கிடையாது. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. வெயிலில் கிடந்தால் சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். மாடு தின்னும், மீதி மழைத் தண்ணீரோடு ஓடைக்கும் கண்மாய்க்கும் போகும். 2019 ஜனவரி 1-ல் இருந்து தமிழ்நாட்டில் தடை செய்த பிளாஸ்டிக் பட்டியலில் இந்தப் பையும் சேர்க்கப்பட்டது.

சமூகப்பணி படித்தவர்கள் நாங்கள். ஊர் ஊராகப் பிளாஸ்டிக் ஒழிப்பு பற்றிப் பேசியவர்கள் நாங்கள். ஒரு தீக்குச்சி கிழித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

அன்றைக்கு நடந்த பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மிச்சம் 2,500 பையையும் தைச்சுக் குடுத்துட்டு அப்புறம் நிறுத்துவோம், லோன் தவணை கட்டணும்ல" என்று சிலர் சொன்னீர்கள். அது பேராசை இல்லை, தேவை. "தடைன்னு தெரிஞ்சபிறகு தைச்சா நாளைக்கு அதிகாரி வந்து கேட்டா குழு பேருதான் கெடும்" என்று சிலர் சொன்னீர்கள். கடைசியில் ரோலைத் திருப்பி அனுப்பினோம். கடைக்காரர் கோபப்பட்டு, தைத்த 1,500 பைக்கு வர வேண்டிய 4,500 ரூபாயில் பாதிதான் கொடுத்தார். மீதி 2,250 ரூபாயை நாங்கள் மூன்று களப்பணியாளர்களும் ஆளுக்கு 750 போட்டுக் கட்டினோம். வேண்டாம் என்றீர்கள். நாங்கள்தான் கணக்குப் புத்தகத்தில் காரணத்தோடு எழுதச் சொன்னோம். லாபம் எழுதுகிற புத்தகத்தில் தப்பும் எழுதியிருக்க வேண்டும்.

அந்த 1,500 பை இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியாது. அது எங்கள் மனதில் இருக்கிறது.

தைக்கிற கையையும் பார்க்க வேண்டும்

நல்ல உடுப்பு என்றால் கடலுக்கு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. தைத்தவளுக்கும் நல்லதாக இருக்க வேண்டும். 2013 ஏப்ரல் 24-ல் வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டிடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். பெரும்பாலும் தையல் வேலை செய்த பெண்கள். சுவரில் விரிசல் கண்டு பயந்தவர்களை மறுநாள் உள்ளே போகச் சொல்லி வேலை வாங்கினார்கள். அவர்கள் தைத்தது வெளிநாட்டுக் கடைகளுக்கான உடுப்பு.

நம்ம மாநிலத்திலும் சுமங்கலித் திட்டம் என்று நல்ல பெயர் வைத்து, மூன்று வருஷம் மில்லில் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். பாதியில் உடம்பு முடியாமல் வந்து, பணமும் முழுசாகக் கைக்கு வராமல் நின்ற பிள்ளைகள் நிறைய.

நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. ஆடைத் தொழிற்சாலையில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொந்தரவைத் தடுக்க, பெண்களே தலைமை ஏற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தயாரிப்பாளரோடும் வெளிநாட்டு வணிக நிறுவனங்களோடும் போட்ட ஒப்பந்தம். ஒரு இளம் பெண் தொழிலாளியின் சாவுக்குப் பிறகு, தோழிகள் பயந்து ஒதுங்காமல் நின்றதால் வந்தது. கூலிக்குப் போன பெண்கள் சேர்ந்து கேட்டு வாங்க முடியும் என்றால், நம்ம பிரிவை நடத்துகிற நாம் நமக்கே ஒரு நியாயக் கூலி வைத்துக்கொள்ள முடியாதா?

இன்றைய தீர்மானம்

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 23-ல் மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியது. அதைப் பார்த்து நாமும் காடாத் துணியில் தாம்பூலப் பை தைக்க ஆரம்பித்திருக்கிறோம். கணக்கை ஒளிக்காமல் சொல்கிறோம். ஒரு பைக்குத் துணி 12 ரூபாய், தையல் 5, பெயர் அச்சடிக்க 3. மொத்தம் 20 ரூபாய். கடையில் நான்-ஓவன் பை 9 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 300 பை வேண்டும் என்றால் நம்ம பைக்கு 3,300 ரூபாய் கூடுதல். அதனால் ஆர்டர் குறைவாகத்தான் வருகிறது. பழைய வருமானம் இன்னும் வரவில்லை.

ஒரு வழி இருக்கிறது. தாம்பூலப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா போடுகிறோமே, அது 12 ரூபாய். அதை விட்டுவிட்டால் 300-க்கு 3,600 ரூபாய் மிச்சம். தேங்காய், வெற்றிலை பாக்கு, நல்ல பை. வாங்குகிறவர் அந்தப் பையை வருஷக்கணக்கில் சந்தைக்கு எடுத்துப் போவார்.

பருத்தியும் சும்மா விளைவதில்லை. அதற்கும் தண்ணீர் வேண்டும், பூச்சி மருந்து அடிக்கிறார்கள். அதனால் துணிப்பையையும் வாங்கிக் குவிக்கக் கூடாது. வீட்டு உபயோகத்துக்குப் பழைய சேலை, பழைய வேட்டியில் தைத்துக் கொள்வோம்.

இன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் எழுத மூன்று விஷயம் முன்வைக்கிறோம்.

ஒன்று, நம்ம தையல் பிரிவு நான்-ஓவன் ஆர்டரை எடுக்காது. எந்தச் சரக்கு வந்தாலும் முதலில் தீக்குச்சி சோதனை. ஒரு நகக்கண் அளவு துண்டை இடுக்கியில் பிடித்து, வெளியே வைத்து, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகப் போனால் பருத்தி. சுருங்கி, உருகி, கெட்டியாக மணி மாதிரி ஆனால் பிளாஸ்டிக். இரண்டும் கலந்த துணியும் இப்படித்தான் கட்டி கட்டும். களப்பணியாளர் சொல்கிறார் என்று நம்ப வேண்டாம், எங்களையும் சோதித்துப் பாருங்கள்.

இரண்டு, தாம்பூலப் பைக்குத் தையல் கூலி 5 ரூபாய்க்குக் கீழே யார் கேட்டாலும் இறங்குவதில்லை. ஒரு குழு இறங்கினால் இன்னொரு குழுவின் வயிற்றில்தான் அடிக்கிறோம்.

மூன்று, கூட்டமைப்பு உறுப்பினர் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் எதுவானாலும் பை நம்மிடமே சொல்ல வேண்டும். ஊருக்குச் சொல்லும் முன் நாம் செய்து காட்ட வேண்டும்.

கை தூக்குகிறவர்கள் தூக்கலாம். மறுப்பு இருந்தால் அதையும் இங்கேயே சொல்லுங்கள். தவணைக் கஷ்டத்தில் இருக்கிற தையல்காரச் சகோதரிகள் பேச்சை முதலில் கேட்போம், அப்புறம் கையெழுத்து வாங்குவோம்.

நம்ம பெரியம்மா சொன்ன பாவாடைப் பேச்சைச் சிரித்துவிட்டு விட்டோம். புதுசாக எதையும் வாங்காமல், இருந்ததையே கட்டி, குளித்து, பிழிந்து, காய வைத்து, மறுபடி கட்டியதை அவர் சொன்னார். கடலைக் காப்பாற்றப் பல ஆயிரம் ரூபாய்க்கு உடுப்பு வாங்கச் சொல்கிறவர்கள் அவரிடம் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.



(மூன்று தீர்மானங்களும் கூட்டத்தில் நிறைவேறின. இரண்டாவது தீர்மானத்தில், துணி விலை ஏறினால் கூலியைக் குறைக்காமல் பை விலையை ஏற்ற வேண்டும் என்று தையல் பிரிவுச் சகோதரிகள் சொன்ன திருத்தமும் சேர்க்கப்பட்டது.)

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. உங்கள் வீட்டுக் கொடியில் நூல் துணி எத்தனை, பிளாஸ்டிக் இழைத் துணி எத்தனை? எண்ணிப் பார்த்து வாருங்கள்.

2. உங்கள் ஊர் ஓடையிலும் கண்மாய்க் கரையிலும் கிடக்கும் பைகளில் துணி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் பை எத்தனை?

3. இந்த வருஷம் உங்கள் குழுவில் யார் வீட்டில் விசேஷம்? தேதியையும் பை எண்ணிக்கையையும் ஊக்குநரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.